பத்து காஜாவில் ஒரு பாலை

"ம்மா, நம்மளும் பாலைவனத்துக்குப் போவோமா?"

பெரியவள் இப்படிக் கேட்டபோது நான் கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் காயாத துணிகளை அள்ளிக்கொண்டிருந்தேன். நாலு மணி மழை இறங்கத் தொடங்கியிருந்தது. எதிர்க் கட்டடம் அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

அவளுக்குப் பத்து வயது. அந்த விடுமுறை முழுக்க, அமெரிக்கக் குடும்பங்கள் வண்டியெடுத்துக்கொண்டு அரிசோனா பாலைவனத்தில் கல் பொறுக்கப் போகும் காணொளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் வாளியோடு இறங்குவார்கள். தரையெங்கும் அகேட், ஜாஸ்பர், கல்லாய்ப்போன மரத்துண்டு. தோண்டக்கூட வேண்டாம், குனிந்தால் போதும். அங்கே அரசின் பொதுநிலத்தில் கல்மரம் எடுக்க அளவு வைத்திருக்கிறார்கள் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 பவுண்டு, வருடத்துக்கு 250 பவுண்டு. சொந்தத்துக்கு மட்டும், விற்கக்கூடாது. ஆனால் அதே மாநிலத்தில் இருக்கும் கல்மரத் தேசியப் பூங்காவுக்குள் ஒரு துணுக்கைக்கூட எடுக்கக்கூடாது. ஆசைப்பட்டு எடுத்துப் போனவர்கள் பல வருடம் கழித்து மன்னிப்புக் கடிதத்தோடு அந்தக் கல்லைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். எந்த மேட்டிலிருந்து, எந்தப் பள்ளத்திலிருந்து எடுத்தது என்று தெரியாததால் பூங்காக்காரர்களால் அவற்றைப் பழைய இடத்தில் வைக்க முடிவதில்லை. எல்லாவற்றையும் ஒரு குவியலாகப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. "எந்த எடம்னே தெரியாத கல்லும்மா. பாவம்."

பிறகு கேட்டாள்: "நம்ம ஊர்ல ஏன் அப்படிக் கல்லு கெடக்க மாட்டேங்குது?"

துணியை நாற்காலியில் போட்டுவிட்டு மழையைக் காட்டினேன். பதில் அதுதான். ஃபீனிக்ஸ் நகரில் வருடத்துக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழை. கோலாலம்பூரில் 2,000-க்கும் மேல். அதோடு வருடம் முழுக்கச் சூடு. வெந்நீரில் ஊறப்போட்ட மாதிரி இங்கே பாறை ஊறிக்கொண்டே இருக்கிறது. கருங்கல்லில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் வெள்ளைக் களிமண்ணாகிவிடும். இரும்பு துருவாகிச் சிவக்கும். மலையை வெட்டிச் சாலை போட்ட இடங்களில் வண்டியை நிறுத்திப் பார்த்தால் தெரியும்: பார்வைக்குப் பாறை மாதிரியே வரியும் விரிசலுமாக இருக்கும், விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிரும். நம் நாட்டில் கல் அழுகுகிறது. அழுகிய கல்தான் நம் செம்மண். அதன் மேல் காடு வந்து மூடிக்கொள்கிறது. அழுகாமல் மிஞ்சுவது பெரும்பாலும் வெங்கச்சங்கல்தான், குவார்ட்ஸ் என்று பள்ளியில் படிக்கிறோமே, அது. வானம் தெளிந்த காலையில் மெலாவாத்தி பக்கம் பல்வரிசை போல நிற்கும் புக்கிட் தாபூர் அப்படி மிஞ்சியதுதான். சுற்றியிருந்த பாறையெல்லாம் கரைந்து போக, 14 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்த வெங்கச்சங்கல் முதுகெலும்பு மட்டும் நிற்கிறது.

சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா, தலையைத் தூக்காமலே சொன்னார்: "மணலும் கல்லும்தானே வேணும்? எங்க ஊர்ல கண்ணுக்கெட்டுன தூரத்துக்குக் கெடக்கு. யாரு கூட்டிட்டுப் போறா."

அம்மா பேராக் மாநிலத்தில் பத்து காஜா பக்கத்தில், ஈயம் தோண்டும் கப்பலில் வேலை செய்தவர்களின் லயத்தில் (வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்தவர். அந்த ஊரைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. அந்த வார்த்தைகளில் ஒரு பழைய மனக்குறை இருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன். சனிக்கிழமையே கிளம்பினோம்.

*

பள்ளியில் தமிழ் இலக்கியம் எடுத்தவர்களுக்கு ஐந்திணை நினைவிருக்கும். குறிஞ்சிக்கு மலை, முல்லைக்குக் காடு, மருதத்துக்கு வயல், நெய்தலுக்குக் கடல். பாலைக்கு மட்டும் சொந்த நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது பாலை பிறக்கிறது. அதற்குரிய பொழுது நண்பகல். அதற்குரிய ஒழுக்கம் பிரிவு. பதினேழு வயதில் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். அது பேராக் மாநிலத்தின் கதை என்று அப்போது தெரியாது.

காலை ஆறரைக்கு வண்டியை எடுத்தார் என் கணவர். தாப்பா ஓய்விடத்தில் பசியாறினோம். அதுவரை சின்னவன் தூங்கிக்கொண்டு வந்தான். தாப்பாவைத் தாண்டியதும் வலப்பக்கம் தித்திவங்சா மலைத்தொடர் நெருங்கி வந்தது. காடு போர்த்திய கருங்கல். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன், டிரையாசிக் காலத்தில், பூமிக்கடியில் உருகிக் கிடந்த குழம்பு மெல்ல ஆறி உண்டானது. அரிசோனாவில் இன்று கல்லாகக் கிடக்கும் மரங்கள் ஆற்றோரம் சாய்ந்து புதைந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். இதைச் சொன்னதும் பெரியவள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அப்போ ரெண்டும் ஒரே வயசா?" என்றாள். அதன்பிறகு அரிசோனா பேச்சு குறைந்தது.

கோப்பெங் வருவதற்கு முன், நெடுஞ்சாலையை ஒட்டியே தெம்புரோங் குகை இருக்கும் சுண்ணாம்புக்கல் மலை. வெள்ளைச் சுவராக நிமிர்ந்து நிற்கும். கிந்தா பள்ளத்தாக்கின் கணக்கே இந்த இரண்டு கல்லில் அடங்கிவிடும். கிழக்கே தித்திவங்சா, மேற்கே கிளேடாங், இரண்டும் கருங்கல். நடுவில் தரைக்கடியில் சுண்ணாம்புக்கல். கருங்கல் அழுகியபோது அதிலிருந்த ஈயமணி, அதாவது ஈயத்தாதுத் துகள், உதிர்ந்தது. அது அழுகாது, கரையாது, கனம் மட்டும் அதிகம். வெங்கச்சங்கல் தண்ணீரைவிட இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகமான கனம் என்றால், ஈயமணி ஏழு மடங்கு. ஆறு அதை நெடுந்தூரம் இழுத்துப் போக முடியாமல் பள்ளத்தாக்கிலேயே போட்டுவிட்டுப் போனது. சுண்ணாம்புப் பாறையின் குண்டு குழிகளெல்லாம் அதைப் பிடித்து வைத்துக்கொண்டன. உலகத்தின் மிக வளமான ஈய வயல் இப்படித்தான் உண்டானது.

ஈயம் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் இது வெள்ளீயம். காரீயம் வேறு, அது நஞ்சு. பாட்டிமார் ஈயச் சொம்பில் ரசம் வைத்தது இந்த வெள்ளீயத்தில்தான். கோலாலம்பூர் என்ற ஊரே இதற்காகப் பிறந்தது. 1857-இல் அம்பாங்கில் ஈயம் தேடிப் போன 87 சீனத் தொழிலாளர்கள் படகை விட்டு இறங்கிய சேற்றுத் துறை அது. எங்கள் வீட்டிலிருந்து நடைப்பயிற்சிக்குப் போகும் தித்திவங்சா ஏரியும் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கம்தான். நாட்டின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது, அதுவும் ஈயம் ஏற்ற. தண்டவாளத்தில் நம்மவர்களின் உழைப்பு எவ்வளவு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கோப்பெங்கில் இறங்கிப் பத்து காஜா சாலையைப் பிடித்தோம். வழியில் கெல்லி கோட்டை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தமிழ்த் தொழிலாளர்களை வைத்துக் கட்டி, முடிக்காமலே 1926-இல் இறந்துபோனார். எல்லோரும் கோட்டையைப் பார்க்கப் போகிறார்கள். அதற்குச் சற்றுத் தள்ளி இருக்கும் மாரியம்மன் கோயிலைப் பார்க்க வேண்டும். கொள்ளை நோயில் கூட்டாளிகள் மடிந்தபோது தொழிலாளர்கள் கேட்டு வாங்கிய கோயில். அம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி, கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் வந்தார்.

*

அம்மாவுக்கு லயத்தில் அக்கா முறையாக இருந்தவரின் மகன் அங்கே பழைய ஈய நிலத்தில் மீன் குளமும் கொய்யாவும் வைத்திருக்கிறார். அவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்தோம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது வாளியோடு கிளம்பக்கூடும். 1965 தேசிய நிலச் சட்டப்படி நிலத்தில் இருக்கும் கனிமமும் பாறைப் பொருளும் மாநில அரசுக்குச் சொந்தம். அள்ளிக்கொண்டு வருவதற்கு அங்கே எதுவும் இல்லை. நாங்கள் வண்டியிலேயே பேசி வைத்த கணக்கு: ஆளுக்கு ஐந்து கல், உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பழைய ஈயக் குட்டைகளின் கரை நம்பத் தகுந்ததல்ல. கப்பல் வெளியே தள்ளிய நைந்த சேறு ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம் என்று கிடக்கும். சேறு மேலே காய்ந்து, புல்கூட முளைத்து, தரை மாதிரியே இருக்கும். கால் வைத்தால் இடுப்புவரை வாங்கிவிடும். "வெள்ளையா இருக்குற எடத்துல மட்டும் நட. சாம்பலா இருந்தா கால வெக்காத" என்று அம்மா சின்னவனின் கையை விடவே இல்லை.

கொய்யா மரங்களைத் தாண்டினோம். பிறகு அது வந்தது.

வெள்ளை. கண் கூசும் வெள்ளை. புல் திட்டுத் திட்டாக, நடுநடுவே ஒரு ஒற்றை மரம், தூரத்தில் பச்சை நிறத்தில் குட்டை, அதில் கொக்குகள். மணி பதினொன்றரை. மணலின் சூடு செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் ஏறியது. காற்று நடுங்கிக்கொண்டிருந்தது. இருபது நிமிட நடையில் காடு இருக்கிறது, மேலே மழைமேகம் கட்டுகிறது, ஆனாலும் இது பாலை. இந்த மணலில் தண்ணீர் தங்காது. பெய்த மழை அப்படியே இறங்கிவிடும். சத்தும் தங்காது. கழுவிக் கழுவி, களியெல்லாம் போய், வெங்கச்சங்கல் பொடி மட்டும் மிஞ்சிய மணல். கொய்யாக்காரர் கோழி எருவை லாரி லாரியாகக் கொட்டித்தான் தன் நிலத்தை மீட்டிருக்கிறார்.

பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள். பிறகு ஓடினார்கள்.

பொறுக்கத் தொடங்கியதும் பழைய தமிழ்ச் சொல் ஒன்று எனக்கு உயிர்பெற்றது: பரல். சங்கப் பாடல்களில் பாலை வழியில் காலை உறுத்தும் கல். மழை மேல்மணலை அரித்துவிட்ட சரிவுகளில் அப்படிப் பரல்கள் மேலெழுந்து கிடந்தன. பால் வெள்ளை, புகை நிறம், துருவேறி மஞ்சள். ஒன்றில் பென்சில் முனை போலக் கறுப்பாக டூர்மலின் கம்பிகள் ஓடின. பெரியவள் அதைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். உடைந்த போத்தல் துண்டில் வெங்கச்சங்கல்லைத் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். சுண்ணாம்புக்கல்லைக் கத்தியால் சுரண்டி அந்தப் பொடியில் வினிகர் விட்டால் நுரைக்கும். மிளகாய்த்தூள் டப்பா அளவு போத்தலில் வினிகர் கொண்டுபோயிருந்தோம், சின்னவன் கண்ணில் பட்ட கல்லுக்கெல்லாம் அபிஷேகம் செய்து தீர்த்துவிட்டான்.

குட்டை ஓரத்தில் கெட்டியான கரையில் அம்மா உட்கார்ந்தார். கொண்டுவந்த எனாமல் தட்டை என்னிடமிருந்து வாங்கினார். ஒரு கை மணல், கொஞ்சம் தண்ணீர். தட்டைச் சாய்த்து, சுழற்றி, மெல்லத் தட்டி, மேலே மிதக்கும் வெள்ளை மணலை வழியவிட்டார். மறுபடி தண்ணீர். மறுபடி சுழற்சி. மணிக்கட்டு மட்டும் அசைந்தது. என் அம்மாவின் கைகளை முப்பத்தைந்து வருடமாகப் பார்க்கிறேன். மாவு பிசைவதையும், துணி பிழிவதையும், என் தலையை வாருவதையும் பார்த்திருக்கிறேன். இந்த அசைவை நான் பார்த்ததே இல்லை.

"யாரு பாட்டி கத்துக் கொடுத்தா?"

"பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி. டூலாங் போடும், தட்டுல மணல அலசி ஈயம் எடுக்கும். பெரிய தொப்பி, முழுக்கைச் சட்டை, விடியக்காலையிலே ஆத்துல எறங்கிடும். லைசென்ஸ் அட்டைய இடுப்புல முடிஞ்சி வெச்சிருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் போயி நிப்பேன்."

தட்டின் அடியில் ஒரு கறுப்புக் கோடு மிஞ்சியது. நகக்கண் அளவு. அம்மா அதை விரலால் பரப்பினார். இது முழுக்க ஈயமணி இல்லை. ஈயத்தோடு சேர்ந்து வரும் மற்றக் கனமான மணிகளின் கலவையை இங்கே அமாங் என்பார்கள். இல்மனைட், சிர்கான், மோனசைட் எல்லாம் சேர்ந்திருக்கும். நடுவே பழுப்பாய்ப் பளபளப்பவைதான் ஈயம். தாத்தா சந்தேகம் வந்தால் ஒரு துத்தநாகத் தகட்டில் மணியை வைத்து அமிலம் விடுவாராம். ஈயமாக இருந்தால் சற்று நேரத்தில் வெள்ளிபோலப் பூச்சு ஏறிவிடும். பெரியவள் அந்தக் கறுப்பு மணலைப் போத்தலில் நிரப்பிக்கொள்ளப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். மோனசைட்டில் தோரியம் உண்டு, கதிர்வீச்சு உள்ள பொருள். வீட்டில் சேர்த்து வைக்கும் சாமான் இல்லை. அம்மா தட்டைக் குட்டையில் கவிழ்த்தார்.

*

தாத்தா கப்பலில் எண்ணெய் போடும் வேலை பார்த்தார். கப்பல் என்றால் கடலில் போவது இல்லை. தான் தோண்டிய குட்டையிலேயே மிதந்துகொண்டு, முன்னால் வாளிச்சங்கிலியால் மண்ணைத் தோண்டி, வயிற்றுக்குள் கழுவி, ஈயத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பின்னால் துப்பிவிட்டு நகரும் இரும்பு வீடு. குட்டையும் அதோடு சேர்ந்து நகரும். அது போன வழியெல்லாம் காடும் தோட்டமும் தலைகீழாகி, மணலாகிக் கிடக்கும். தஞ்சோங் துவாலாங் சாலையில் அப்படிக் கப்பல் ஒன்று இன்னும் நிற்கிறது, டிடி5 என்று பெயர். 1938-இல் கட்டியது, 1982 வரை ஓடியது. 4,500 டன் கனம், 75 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம். திரும்பும்போது வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். சின்னவன் அண்ணாந்தே நின்றான்.

தாத்தாவின் கப்பல் இரவும் பகலும் ஓடியது. "அந்தச் சத்தத்துலதான் தூங்குவோம். சத்தம் நின்னாத்தான் முழிப்பு வரும்" என்றார் அம்மா. 1985 அக்டோபர் 24-ஆம் தேதி, ஈய விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த அனைத்துலக ஈய மன்றத்தின் கையில் பணம் தீர்ந்தது. லண்டன் உலோகச் சந்தை ஈய வணிகத்தை அன்றே நிறுத்தியது. விலை பிறகு ஏறக்குறைய பாதியாக விழுந்தது. லண்டனில் நடந்தது இந்த லயத்துக்கு வந்து சேரச் சில மாதங்கள்தான் பிடித்தன. ஒரு ராத்திரி சத்தம் நின்றது. எல்லாரும் விழித்துக்கொண்டார்களாம். யாரும் பேசவில்லையாம்.

அம்மாவுக்கு அப்போது பதினாறு வயது. நிறுவனம் வீட்டைக் காலி செய்யச் சொன்னது. இருபது வருடம் எண்ணெய் போட்ட மனிதருக்குச் சில வாரத் தவணை. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. தாத்தா கோலாலம்பூருக்கு ஜாகா (காவல்) வேலைக்கு வந்தார். பெரிய மாமா சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறைக்குப் போனார், இது கடல் கப்பல். சின்ன மாமாவைக் கம்பாரில் அத்தை வீட்டில் விட்டார்கள். அம்மாவும் பாட்டியும் ஒரு வருடம் இங்கேயும் அங்கேயுமாக இருந்துவிட்டு செந்தூலுக்கு வந்தார்கள். 1985 தீபாவளிதான் அவர்கள் ஐந்து பேரும் ஒரே கூரையின் கீழ்ப் படுத்த கடைசித் தீபாவளி.

இதையெல்லாம் அம்மா எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. மணலைப் பார்த்துச் சொன்னார். லயம் இருந்த இடத்தைத் தேடினோம். கொய்யாக்காரரும் கூட வந்தார். அந்தக் குட்டைக்கு அந்தப்பக்கம் என்றார், அம்மா இல்லை இந்தப்பக்கம் என்றார். ஒரு சிமெண்டுத் தொட்டியின் மூலை மட்டும் புல்லுக்குள் கிடைத்தது. அம்மா அதன் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். என் கணவர் பிள்ளைகளை மெல்ல வேறு பக்கம் கூட்டிப்போனார்.

மணி ஒன்றாகியிருந்தது. நிழல் காலடிக்குள் சுருண்டிருந்தது. நானும் அம்மாவின் பக்கத்தில் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை, முதுகில் கை வைத்துக்கொண்டேன். பிறகு அவர் குனிந்தார். பொறுக்கினார். எங்களைப் போலத் தேடிப் பார்த்து இல்லை, கையே அளவறிந்து எடுத்தது. ஐந்தும் ஒரே அளவு, வெள்ளை.

"அஞ்சாங்கல்லுக்கு இந்த எடத்துக் கல்லுதான் நல்லது. உருளாது" என்று சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை மாலை மழை. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்துக் கற்களைக் கழுவிக் காயவைத்தோம். கல் சேர்ப்பவர்கள் ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, எடுத்த தேதியையும் இடத்தையும் எழுதி வைப்பார்கள். பெரியவள் என் நகப்பூச்சை எடுத்து ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் மை பேனாவால் எண் எழுதினாள். 1 முதல் 20 வரை முடிந்தது. பாட்டியின் முன்னால் போய் நின்றாள்.

"எனக்கெதுக்கும்மா நம்பரு? நான் வெளையாட வெச்சிருக்கேன்."

"எடம் எழுதலேன்னா பாவம் பாட்டி. அப்புறம் எங்கேருந்து வந்துச்சுன்னு அதுக்கே தெரியாது."

அம்மா முடிச்சை அவிழ்த்து ஐந்து கற்களையும் மேசையில் வைத்தார். மகள் நோட்டைத் திருப்பி, தேதி போட்டு, 21 முதல் 25 வரை வரிசையாக எழுதிவிட்டுக் காத்திருந்தாள். இடம் என்ற கட்டத்தில் அவள் ஏற்கெனவே பத்து காஜா என்று எழுதியிருந்தாள். அம்மா எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

"அதுக்குக் கீழ எழுதிக்கோ. கப்பல் லயம். மூணாவது வரிசை. கொழாயடிக்குப் பக்கத்து வீடு."